நீர்முள்ளி இருக்கட்டும், இரண்டாவது தலையணை எதற்கு?

கால் வீங்கியதால் நீர்முள்ளி மூலிகையைக் கஷாயம் வைத்துக் குடிப்பதாகக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சிறுநீரகம் போய்விட்டதா, டயாலிசிஸ் வந்துவிடுமா என்பதுதான் உங்கள் பயம். ஏரிக்கரை நீர்முள்ளியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: 'பத்து நாளாக இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம், மல்லாந்து படுத்தால் இருமல்.' எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

கால் வீக்கத்தோடு இதுவும் சேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதயத்தை. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பும். இதயத்தால் அதைத் தள்ள முடியாதபோது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்தால் மூச்சு லேசாவது அதனால்தான். நாளைக்கே இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். இரவில் மூச்சுமுட்டி எழுந்து உட்கார நேர்ந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே 108. தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர்.

ரத்த அழுத்த மாத்திரை அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கிய பிறகுதான் கணுக்கால் வீங்கியது என்கிறீர்கள். அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டு. நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுவில் தங்குவதால் வரும் வீக்கம் அது. நீர் பிரிக்கும் எதைக் குடித்தாலும் பெரிதாக வடியாது. அளவைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா என்பதை எழுதிக்கொடுத்தவர் முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் இரண்டாவது தலையணைக்கு அம்லோடிபின் காரணமாகாது.

நீர்முள்ளி சித்த மருத்துவத்தில் நீர் பிரியக் கொடுக்கும் மூலிகைதான். கணுவுக்கு ஆறு முள், ஊதாப் பூ என்று செடியையும் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். சிக்கல் வேறு இடத்தில். நீங்கள் சாப்பிடும் இன்னொரு ரத்த அழுத்த மாத்திரை டெல்மிசார்டான், பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும்; நீர்முள்ளியிலோ பொட்டாசிய உப்பு அதிகம். 'ஒரு கைப்பிடி போட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி' என்றால் அதில் எவ்வளவு இறங்கியது என்று யார் சொல்வது? பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத்துடிப்பு தடுமாறும், பல நேரம் முன்னறிவிப்பே இருக்காது. கஷாயத்தை இன்றோடு விடுங்கள். ஊர்ச் சாக்கடை கலக்கும் ஏரியில் பறித்தீர்கள் என்பது தனிக் கதை.

சிறுநீர் மஞ்சளாகப் போவதற்கெல்லாம் கவலை வேண்டாம். சிறுநீரகத்துக்கு யூடியூப் பார்க்காமல் மூன்று பரிசோதனை செய்யுங்கள்: ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), பொட்டாசியம், காலை முதல் சிறுநீரில் அல்புமின் (புரதம்)-கிரியேட்டினின் விகிதம். கடைசியது ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குள் (mg/g) இருக்க வேண்டும்.

டாக்டரிடம் போனதும் முதலில் தலையணையைச் சொல்லுங்கள், அடுத்து கஷாயத்தை.