புது காருக்கு ஷோரூமில் அடுக்கும் எக்ஸ்ட்ரா ஐட்டங்களில் எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: ஒன்பது லட்ச ரூபாய் கார், அடுத்த மாதம் டெலிவரி. கொட்டேஷனின் அடியில் ஆக்சஸரீஸ், கோட்டிங், எக்ஸ்டென்டட் வாரண்டி, இன்சூரன்ஸ் ஆட்-ஆன் என்று 62,000 ரூபாய்க்கு ஒரு பட்டியல். எதை வைத்துக்கொள்வது, எதை அடிப்பது?

நான் இரண்டு முறை புதுக் கார் வாங்கியவன். 2016-இல் அவர்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். 2022-இல் பேனாவை வாங்கி நானே வரிவரியாக அடித்தேன். அப்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டேன்: இதை மூன்று மாதம் கழித்து வெளியே வாங்க முடியுமா? முடியும் என்றால் இன்று வேண்டாம். விலை எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இப்படிப் பார்த்தால் பட்டியலில் உண்மையாகவே அன்றே முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அது இன்சூரன்ஸ். ஆனால் ஷோரூமில் அதைப் பற்றி இரண்டு நிமிடம்தான் பேசுவார்கள். சீட் கவர் கலருக்கு முக்கால் மணி நேரம் போகும்.

அதனால் இன்சூரன்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம். அந்தத் தொகை எந்த கம்பெனியிலும் ஒன்றுதான். 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை என்றால் நான் வாங்கியபோது 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதில் பேரம் கிடையாது. பேரம் ஓன் டேமேஜ், அதாவது நம் காருக்கே வரும் சேதத்துக்கான பகுதியில்தான் இருக்கிறது. ஷோரூம் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் அதே ஐடிவி (காருக்கு இன்சூரன்ஸில் போடும் மதிப்பு), அதே ஆட்-ஆன்களைப் போட்டு வெளியே கொட்டேஷன் எடுத்தேன். பதினோராயிரம் ரூபாய் குறைவு. அந்தத் தாளைக் காட்டியதும், "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன் சார்" என்று உள்ளே போன பையன் ஐந்து நிமிடத்தில் கிட்டத்தட்ட அதே தொகையோடு திரும்பி வந்தான். அங்கேயே எடுத்தேன். கேஷ்லெஸ் க்ளெய்ம் (ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது) என்று வந்தால் ஷோரூம் மூலம் எடுத்த பாலிசியில் அலைச்சல் கொஞ்சம் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

பழைய காரை விற்றுவிட்டுப் புதுசு வாங்குகிறீர்களா? அப்படியென்றால் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுடையது, விற்ற காருடையது அல்ல. தொடர்ந்து ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் கழிவு. பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு லெட்டர் வாங்கிக் கொடுத்தால் புது பாலிசியில் சேர்ந்துவிடும். இதை ஷோரூமில் யாரும் தானாக எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆட்-ஆன்களில் எனக்கு அவசியம் என்று படுவது இரண்டு. ஜீரோ டெப், அதாவது நாம் பம்பர் டு பம்பர் என்று சொல்வது. இது இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள், வண்டி புத்தம் புதுசாக இருந்தாலும். இன்றைய காரில் முன்னாலும் பின்னாலும் இடிபடுவது எல்லாமே பிளாஸ்டிக். அதனால் எடுங்கள். ஆனால் "இது கோர்ட் ஆர்டர் சார், கட்டாயம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஓர் உத்தரவு போட்டது உண்மை. அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த இரண்டாம் பாதியை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இரண்டாவது எஞ்சின் ப்ரொடெக்ட், தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால் பணம் தருவது. ஊர் எது என்று நீங்கள் எழுதவில்லை. மேட்டுப்பாங்கான ஊர் என்றால் விட்டுவிடலாம். நான் வேளச்சேரிவாசி. மழை அறிவிப்பு வந்தாலே மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த வேளச்சேரிதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். மூன்றாம் நாள் வடிந்ததும் பக்கத்து வீட்டு அங்கிள் சும்மா பார்க்கலாமே என்று சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்தார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் போன தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. சாதாரண பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் போனால் அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் இல்லை, உங்களால் வந்த பின்விளைவு என்று கையை விரித்துவிடுவார்கள். அவருக்கு அதுதான் நடந்தது. இந்த ஆட்-ஆனை நடுவில் நினைத்துக்கொண்டு சேர்ப்பதும் கஷ்டம், பொதுவாக அடுத்த ரினியூவல் வரை காத்திருக்க வேண்டும். (ஆட்-ஆன் இருந்தாலும் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.)

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்பது லோனில் வாங்குபவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் பயன்படும். கார் திருடு போனால் தேய்மானம் கழித்த ஐடிவிக்குப் பதிலாக வாங்கிய விலை கிடைக்கும். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால், பெட்டி காணாமல் போனால் என்று வருபவற்றை நான் அடித்துவிட்டேன்.

இனி கோட்டிங். இங்கேதான் 2016-இல் நான் வசமாக மாட்டினேன்.

"கடற்கரை ஊர் சார், உப்புக்காத்து, அண்டர்பாடி கோட்டிங் இல்லன்னா மூணு வருஷத்துல அடியெல்லாம் துரு" என்றார்கள். ஆறாயிரம் ரூபாய். சரி என்றேன். அந்த வருட மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆகியும் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல ஒரு சலசலப்பு. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் கதவின் கீழ் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார், ஓர் இடத்தில் நிறுத்தினார், ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்தினார். கறுப்பாகத் தார் மாதிரி ஒரு அடைப்பு பெயர்ந்து விழ, உள்ளே இருந்து தண்ணீர் அவர் செருப்பில் ஊற்றியது. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறத்தான் கதவின் அடியில் ஓட்டை வைத்திருக்கிறார்கள். கோட்டிங் அடித்தவர் அதையும் சேர்த்து அடித்துவிட்டார். துருப் பிடிக்காமல் இருக்கக் காசு கொடுத்து, கதவுக்குள் ஒரு தொட்டி கட்டி வைத்திருந்தேன்.

பாய் சொல்லித்தான் தெரிந்தது. தொழிற்சாலையிலேயே காரின் வெற்று உடலை அப்படியே மூழ்கடித்து, மின்சாரம் செலுத்தி ஒரு ப்ரைமர் பூச்சு பிடிக்க வைக்கிறார்கள். மூலை முடுக்கெல்லாம் அது போய்ச் சேரும். அதற்கு மேல் அடிப்பக்கத்தில் சீலண்ட் வேறு. கடலை ஒட்டியே வீடு என்றால் ஒருவேளை யோசிக்கலாம், அதுவும் ஓட்டைகளை மறைத்து ஒட்டிவிட்டு அடிக்கத் தெரிந்த ஆளிடம். பெயிண்ட் மேல் பளபளப்புக்கு அடிக்கும் டெஃப்லான், செராமிக் வகையறாவுக்கு இவ்வளவு பேச்சே தேவையில்லை. ஆசை இருந்தால் வெளியே டீட்டெய்லிங் கடையில், நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க, செய்துகொள்ளுங்கள்.

எக்ஸ்டென்டட் வாரண்டி கெட்ட பொருள் இல்லை. டச் ஸ்கிரீன், ஏசி கம்ப்ரஸர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இதில் ஒன்று போனாலும் அந்தக் காசு திரும்பிவிடும். ஆனால் டெலிவரி நாளிலேயே வாங்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான கம்பெனிகளில் ஒரிஜினல் வாரண்டி முடிவதற்குள் வாங்கலாம், சிலவற்றில் தாமதமானால் விலை கொஞ்சம் ஏறும். எந்தத் தேதி வரை இதே விலை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார் கம்பெனியின் வாரண்டியா, டீலரே வேறு யாரிடமோ வாங்கி விற்பதா என்றும் கேளுங்கள். இரண்டாவது என்றால் வேண்டாம்.

ஆக்சஸரீஸுக்கு சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை போதும். மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தந்த ஊர்க் கடைத்தெரு. நான் ஷோரூமில் வாங்கியது ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப் இரண்டுதான். அந்த மாடலுக்கென்றே அச்சு வார்த்தது, அளவு கச்சிதமாக உட்காரும். டிரைவர் காலடியில் நழுவுகிற மேட் பெடலுக்குள் போய் மாட்டும் என்பதால் அதில் மிச்சம் பிடிக்கவில்லை. ரிவர்ஸ் சென்ஸார் என்று பட்டியலில் போட்டிருந்தால் சிரித்துவிட்டு அடியுங்கள், 2019 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் காரிலும் அது கட்டாயம். முன்னால் மாட்டும் இரும்பு கார்டு சட்டப்படியே கூடாது, ஏர்பேக் வேலை செய்வதையும் கெடுக்கும். சன் ஃபிலிம் ஒட்டினால் போலீஸோடு வாக்குவாதம் செய்ய நேரம் ஒதுக்க வேண்டும்.

சீட் கவரில் ஒரு விஷயம். முன் சீட்டின் வெளி ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணிப் பட்டி தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அதன் மேல் தடித்த ரெக்ஸின் கவரை இழுத்துத் தைத்தால் அது எப்படி வரும்? அந்த இடத்தில் பிரியும்படி தைத்த கவர் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இந்த 62,000 ரூபாயை லோனோடு சேர்த்துவிடலாம் என்று அவர்கள் சொல்லியிருப்பார்களே? 9 சதவீதம், ஏழு வருடம் என்று வைத்தால் மாதம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. கேட்க லேசாகத்தான் இருக்கும். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 84,000. மேட் கிழிந்து மூன்று வருடம் கழித்தும் அதற்கு வட்டி போய்க்கொண்டிருக்கும்.

இன்னொன்று, எல்லோருக்கும் பொருந்தாது. "ஆக்சஸரீஸ் எதுக்கு சார், மேல் வேரியண்டே எடுத்துடுங்க" என்றால் பத்து லட்சம் என்ற கோட்டைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியை ஏற்றிய பிறகு 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. 9.8 லட்சத்துக்கும் 10.2 லட்சத்துக்கும் விலையில் நாற்பதாயிரம் வித்தியாசம், வரியில் ஐம்பத்தாறாயிரம். பெரிய ஸ்கிரீனும் கேமராவும்தான் வேண்டுமென்றால் கீழ் வேரியண்ட் வாங்கி வெளியே மாட்டுவது மலிவு. ஒயரை வெட்டி ஒட்டாமல் கப்ளரில் செருகும் ஆளாகப் பாருங்கள், வெட்டினால் எலக்ட்ரிகல் வாரண்டியில் தகராறு வரும். மாட்டியதை இன்சூரன்ஸிலும் எழுதிச் சேர்க்க வேண்டும்.

"இருபதாயிரத்துக்கு ஆக்சஸரீஸ் ஃப்ரீ" என்பதற்குப் பதில் அதை பில்லில் கழித்துத் தரச் சொல்லிக் கேட்டேன். பன்னிரண்டாயிரம் கழித்தார்கள். டெலிவரி அன்று எலுமிச்சம்பழத்தில் வண்டியை ஏற்றிக் கோயிலுக்கு ஓட்டிப் போகும்போது அம்மா பின் சீட்டைத் தடவிப் பார்த்து, "ஏன்டா, கவர் போடாமயேவா குடுத்தாங்க?" என்றார். இன்னும் போடவில்லை. விருந்தாளி வரும்போதெல்லாம் அவரே ஒரு பழைய போர்வையை விரித்துவிடுகிறார்.