மானுக்கும் அம்புக்கும் இடையே ஐம்பது மீட்டர்: வில்வேட்டையில் தூரம் பற்றிய கேள்வி பதில்

கோத்தகிரியில் ஒரு தேயிலைச் சரிவை ஒட்டிய மைதானத்தில் இப்போது வில்வித்தை கற்றுத் தருகிறேன். அதற்கு முன் 14 ஆண்டுகள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்த்தேன். அங்கே பயிற்சி வகுப்பு முடித்து, உரிமம் பெற்று, பதினொரு பருவங்கள் வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடினேன். நம் மலையிலிருந்து வெளிநாடு சென்றவர்களும் செல்லவிருப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் கேட்ட கேள்விகளில், தூரத்தைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆகவே, இங்கே வேட்டை என்று நான் எழுதுவதெல்லாம் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளைப் பற்றியதே.

கேள்வி (குன்னூர், கல்லூரி மாணவர்): ஐயா, நான் காம்பவுண்ட் வில்லில் (கப்பிகள் பொருத்திய நவீன வில்) 50 மீட்டர் போட்டிகளில் எய்கிறேன். ஆறு அம்புகளில் குறைந்தது ஐந்து 8 சென்டிமீட்டர் பத்துப் புள்ளி வட்டத்துக்குள் விழுந்துவிடும். மேற்படிப்புக்குக் கனடா போகிறேன். அங்கே உரிமம் பெற்றால், இதே 50 மீட்டரில் மானை எய்வதில் என்ன தவறு?

பதில்: தம்பி, உங்கள் கை அந்தத் தூரத்துக்குத் தகுதியானதுதான். ஆனால் டார்கெட் அட்டை அசையாது, மான் அசையும். எல்லாம் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். உங்கள் அம்பு நொடிக்குச் சுமார் 85 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 0.59 நொடி பிடிக்கும். நாண் விடுபடும் ஓசையோ நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் 0.15 நொடியில் மானின் காதுக்குப் போய்விடும். கேட்ட மான் திடுக்கிட இன்னொரு 0.15 நொடி என்று கொண்டாலும், அம்பு வந்து சேர 0.29 நொடி மிச்சமிருக்கிறது. திடுக்கிட்ட மான் உடனே பாய்ந்துவிடுவதில்லை. பாய்வதற்காக முதலில் கால்களை மடக்குகிறது, அதனால் உடல் கீழே இறங்குகிறது. கையிலிருந்து நழுவிய கல் 0.29 நொடியில் சுமார் 41 சென்டிமீட்டர் விழும். மானின் உடலும் ஏறக்குறைய அவ்வளவு இறங்க முடியும். நீங்கள் குறிவைக்க வேண்டிய நுரையீரல் பகுதியின் அகலமே சுமார் 20 சென்டிமீட்டர்தான். இதே கணக்கை 20 மீட்டருக்குப் போட்டால், மான் அரை சென்டிமீட்டர்கூட இறங்குவதற்குள் அம்பு போய்விடும். 30 மீட்டரில் ஆறேழு சென்டிமீட்டர் இறங்கும். 40 மீட்டரில் 20 சென்டிமீட்டர் ஆகிவிடும்.

எல்லா மானும் எல்லா முறையும் இப்படி இறங்குவதில்லை. காற்றடிக்கும் நாளில் அமைதியாக மேயும் மான் ஓசையைப் பொருட்படுத்தாமலும் இருக்கலாம். ஆனால் இந்த மான் இந்த முறை என்ன செய்யும் என்பது உங்கள் திறமையில் அடங்காத விஷயம். போட்டி வளையத்தில் நீங்கள் வாங்கும் பத்துப் புள்ளி உங்களைப் பற்றிச் சொல்கிறதே தவிர, மானைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 50 மீட்டரை நான் மறுப்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி (ஊட்டி, டெக்சாஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பவர்): இப்போது வரும் வில்கள் மிகவும் வேகமானவை. வேகத்தைக் கூட்டினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாதா?

பதில்: குறையும், தீராது. நொடிக்கு 100 மீட்டர் போகும் அம்பென்றாலும் மேலே சொன்ன கணக்குப்படி 50 மீட்டரில் மான் 20 சென்டிமீட்டர் இறங்க நேரமிருக்கிறது. ஓசையை முந்தும் வில் எதுவும் இல்லை. அதோடு, அந்த வேகத்துக்காகப் பலர் அம்பின் எடையைக் குறைக்கிறார்கள். இலேசான அம்பு வில்லை அதிகம் ஒலிக்க வைக்கும், எலும்பில் பட்டால் ஊடுருவும் ஆற்றலும் குறையும். வேட்டைக்கு நான் எப்போதும் கொஞ்சம் கனமான அம்பையே சொல்வேன்.

கேள்வி (கொடைக்கானல், ஓய்வுபெற்ற ஆசிரியை): தம்பி, என் மகன் ஆஸ்திரேலியாவில் வில்லை வைத்துக்கொண்டு வேட்டைக்குப் போகிறான். துப்பாக்கி என்றால் உயிர் உடனே போய்விடும். அம்பு பட்ட பிராணி துடிக்குமே! இதில் என்ன தர்மம் இருக்கிறது?

பதில்: அம்மா, உங்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தால் திசுக்களைச் சிதைக்கிறது. அம்பு அப்படிச் செய்வதில்லை. பிராட்ஹெட் எனப்படும் அதன் கூரிய அலகு இரத்தக் குழாய்களை அறுப்பதால் விலங்கு இறக்கிறது. இரண்டு நுரையீரல்களையும் சவரக்கத்தி போன்ற அலகு ஊடுருவினால், மான் சற்றுத் தூரம் ஓடிச் சில நொடிகளில் விழுந்துவிடும். என்ன பட்டது என்று தெரியாமல் ஓரிரு அடி நடந்து, அப்படியே சாய்ந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அலகு ஒரு சாண் பின்னால் பட்டால் நீங்கள் சொல்லும் துடிப்பு உண்மை. அது மணிக்கணக்கில் நீளும்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில் பல ஆண்டுகள் குறிப்பெடுத்துச் செய்த ஆய்வில், அம்பு பட்ட மான்களில் சுமார் 18 சதவீதம் வேட்டைக்காரர்களின் கைக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் திறன் தேர்வில் தேறிய பிறகே காட்டுக்குள் விடப்பட்டவர்கள். பிரிட்டனில் வில்லால் வனவிலங்கை வேட்டையாடுவதை 1981ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். வில்வேட்டை நியாயமாக இருக்க முடியும் என்பதே என் நம்பிக்கை. ஆனால் அந்த நியாயம் முழுக்க முழுக்க அருகாமையை நம்பி நிற்கிறது. உங்கள் மகனிடம் எத்தனை அடித்தாய் என்று கேட்காதீர்கள், எவ்வளவு தூரத்திலிருந்து எய்தாய் என்று கேளுங்கள்.

கேள்வி (கோத்தகிரி, என் பயிற்சி மாணவி): நீங்கள் எய்த மிக நீண்ட தூரம் எவ்வளவு, ஐயா?

பதில்: 52 மீட்டர். அது என் நான்காவது பருவம், நவம்பர் மாதம். அந்தக் கோடை முழுவதும் 60 மீட்டரில் பயிற்சி செய்திருந்தேன், என் மீது எனக்கு ஐயமே இருக்கவில்லை. மாலை நான்கு மணி இருக்கும். மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருந்தேன். காற்று அசையவில்லை. ஒரு பெண் மான் பக்கவாட்டில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. நாணை விட்ட அதே கணத்தில் அது முன்னங்காலைத் தூக்கியது, ஓர் அடி எடுத்து வைத்தது. அம்பு வயிற்றில் பட்டது.

இறங்கிப் போய்த் தரையில் குத்தியிருந்த அம்பைப் பிடுங்கினேன். இரத்தம் அதிகம் இல்லை. வெள்ளை இறகுகளின் அடியில் மென்று அரைத்த புல் பச்சைக் களியாக ஒட்டியிருந்தது, புளித்த நாற்றம் அடித்தது. அதைப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. அப்போதே பின்தொடர்ந்தால் மான் எழுந்து இன்னும் தொலைவுக்கு ஓடிவிடும் என்பதால், அன்று இரவு முழுவதும் எதுவும் செய்ய முடியாமல் காத்திருந்தேன். மறுநாள் காலையில் ஓர் ஓடைக்கரையில் அதைக் கண்டேன். பின்பாதியைக் கயோட்டிகள் (ஓநாய் போன்ற அமெரிக்கக் காட்டு விலங்குகள்) தின்றிருந்தன. அது எந்த நேரத்தில் இறந்தது என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

வில்லில் பிழையில்லை, என் கையும் நடுங்கவில்லை. அம்பு நான் குறிவைத்த இடத்துக்கே சரியாகப் போனது. மான் அங்கே இல்லை, அவ்வளவுதான். அதன் பிறகு என் எல்லை 30 கஜம், அதாவது சுமார் 27 மீட்டர். எஞ்சிய ஏழு பருவங்களிலும் அதைத் தாண்டவில்லை.

கேள்வி (அரவங்காடு): அம்பு எங்கே பட்டது என்று பார்க்க முடியாதபோது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

பதில்: அம்பைக் கண்டெடுங்கள், அதுவே சொல்லிவிடும். வெளிர் சிவப்பாக நுரைத்த இரத்தம் என்றால் நுரையீரல்: அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பு இரத்தம் என்றால் பெரும்பாலும் ஈரல்: நான்கு முதல் ஆறு மணி நேரம். நான் மேலே சொன்ன பச்சைக் களியும் நாற்றமும் இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். மோப்ப நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தேடுவதற்குப் பல மாநிலங்களில் அனுமதி உண்டு. நாய்க்காரரின் எண்ணைப் பருவம் தொடங்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கூடலூர், விவசாயி): எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றி தொல்லை தாங்க முடியவில்லை. வில் ஓசையில்லாத கருவி அல்லவா? தூரத்திலிருந்து எய்து விரட்டலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. உங்கள் நட்டம் எனக்குப் புரிகிறது, ஆனால் வில்லானாலும் கண்ணியானாலும் சட்டத்தின் முன் அது வேட்டைதான், சிறை வரை போகும். பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலமாக மனு கொடுங்கள். இன்னொன்றும் உண்டு: தோளில் தடித்த தோலும் வலுவான எலும்பும் உள்ள பன்றியைத் தூரத்திலிருந்து எய்தால், அது சாகாமல் காயத்தோடு தேயிலைப் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள்தான் அதன் முன்னால் நிற்பார்கள்.

கேள்வி (குன்னூர்): நம் மலைச் சரிவில் பழகுவது வெளிநாட்டு வேட்டைக்குப் பயன்படுமா? சரிவில் தூரத்தை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: மிகவும் பயன்படும். சமவெளியில் பழகியவர்கள் தவறும் இடமே இதுதான். மேல்நோக்கி எய்தாலும் கீழ்நோக்கி எய்தாலும் அம்பு தாழ்வதைத் தீர்மானிப்பது கிடைமட்டத் தூரமே. 30 பாகைச் சரிவில் 40 மீட்டர் என்று தூரம் அளக்கும் கருவியான ரேஞ்ச்ஃபைண்டர் காட்டினால், நீங்கள் எய்ய வேண்டியது 35 மீட்டருக்கு. கோணத்தைக் கழித்துக் காட்டும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. கீழ்நோக்கி எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பை வளைத்துக் குனியுங்கள், இல்லாவிட்டால் நாண் முகத்தில் படும் இடம் மாறிவிடும்.

தூரத்தைத் தவறாக மதிப்பிடுவதன் விலையும் தூரத்தோடு ஏறுகிறது. 20 மீட்டர் என்று நினைத்தது 15 மீட்டராக இருந்தால் அம்பு 5 சென்டிமீட்டர் மேலே போகும். 50 என்று நினைத்தது 45ஆக இருந்தால் 15 சென்டிமீட்டர் மேலே போகும். தவறு ஒன்றே, ஆனால் விளைவு மூன்று மடங்கு.

நம் மலைக் காற்றும் நல்ல ஆசான். விடியலில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும், வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும், மாலையில் மீண்டும் இறங்கும். உங்கள் வாடை எந்தப் பக்கம் போகிறது என்பதை இதை வைத்தே அறியலாம். பனிமூட்டத்தில் மட்டும் பழக வேண்டாம். ரேஞ்ச்ஃபைண்டரின் லேசர் ஒளி மூட்டத்திலேயே பட்டுத் திரும்பித் தவறான தூரத்தைக் காட்டும். தண்ணீர் மொள்ளும் ஓசையை யானை என்று எண்ணித் தசரதன் விட்ட அம்பு யார் மீது பட்டது என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். காணாததை நோக்கி நாணை விடக் கூடாது.

கேள்வி (ஊட்டி): தூரத்துக்குச் சட்ட வரம்பு உண்டா?

பதில்: நான் வேட்டையாடிய விஸ்கான்சினில் இல்லை. 1934லேயே மானுக்கு வில்வேட்டைப் பருவம் அறிவித்த மாநிலம் அது. அங்கே மான் வேட்டைக்கு வில்லின் இழுவிசை குறைந்தது 30 பவுண்டு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தூரத்தை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டது. 1961இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வில்வேட்டைக்காரர் சங்கமான போப் அண்ட் யங் கிளப், விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறது. அந்தப் பெயரில் உள்ள போப் ஒரு மருத்துவர். கலிஃபோர்னியப் பழங்குடியான யாஹி இனத்தின் கடைசி மனிதராக அறியப்படும் இஷியிடம் அவர் வில் கற்றார். விலங்கை அழைத்தும் பதுங்கியும் அருகில் போவதுதான் இஷியின் வேட்டை முறை.

கேள்வி (முத்தநாடு மந்து அருகில் வசிப்பவர்): நம் மலையின் தோடர்கள் வில் வைத்திருந்தார்களே, அவர்கள் எவ்வளவு தூரத்தில் எய்தார்கள்?

பதில்: அவர்கள் எருமை வளர்த்து, மரக்கறி உண்டு வாழ்ந்தவர்கள். அவர்களிடம் வில் சடங்குக்கு உரியது. மனைவி கருவுற்றிருக்கும்போது கணவன் அவளுக்குச் சிறு வில்லும் அம்பும் கொடுப்பான், பிறக்கும் குழந்தைக்குத் தந்தை யார் என்பதை அது ஊரறியச் சொல்லும். வில்லை உயிர் தொடங்கும் இடத்தில் வைத்த அந்த வழக்கத்தை என் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

கேள்வி (கொடைக்கானல்): அப்படியானால் 60, 70 மீட்டரில் பயிற்சியே தேவையில்லையா, அண்ணா? எனக்கான தூரத்தை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தூரத்தில் பயிற்சி செய்யுங்கள். 60 மீட்டரில் கையின் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும், திருத்திக்கொள்ளலாம். அங்கே பழகியவருக்கு 25 மீட்டர் எளிதாகிவிடும். டார்கெட் அட்டையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

உங்கள் எல்லையைக் கண்டறிய நான் சொல்லும் வழி இது. காலையில் எழுந்ததும், உடல் சூடேறும் முன், காட்டில் அணியப்போகும் அதே தடித்த ஜெர்கினை அணிந்து, வேட்டையில் பூட்டும் அதே அலகைப் பூட்டி, ஒரே ஓர் அம்பை எய்யுங்கள். 15 சென்டிமீட்டர் காகிதத் தட்டுதான் குறி. இரண்டாவது அம்பு கிடையாது, வில்லை உள்ளே வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். தட்டில் தேதியை எழுதி வையுங்கள். முப்பது நாள் இப்படிச் செய்து, முப்பதும் தட்டில் பட்டிருந்தால் அது உங்கள் கையின் எல்லை. மானுக்காக அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள், அதன் பிறகும் 30 மீட்டருக்கு மேல் வந்தால் 30இல் நிறுத்துங்கள். ஒரு நாள் தவறினாலும் ஐந்து மீட்டர் முன்னால் வந்து முதல் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். என் மாணவர் ஒருவர் 35 மீட்டரில் தொடங்கி, இருபத்தாறாம் நாள் தட்டின் ஓரத்தில் ஒரு விரல்கடை தவறவிட்டார். நேற்றுக் காலை 30 மீட்டரில் புதிய தட்டை மாட்டியிருக்கிறார்.