அப்பாயி மாற்றிய ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

நான் மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். என் பெயரை வெளியிட வேண்டாம். எங்கள் ஊர் லுத்தரன் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு 19 பேர்தான் வருகிறார்கள்; பெரும்பாலும் பாட்டிகள். போதகரான ஐயர் ஒருவருக்கே பல ஊர்கள் என்பதால் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் அவரால் வர முடிகிறது. என் வயதுப் பிள்ளைகள் டவுனில் உள்ள ஜெபவீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே கீபோர்டு, டிரம்ஸ், புரொஜெக்டர் எல்லாம் இருக்கின்றன. இங்கே அதே ஜெர்மன் ராகம், அதே இழுவை, அதே ஆராதனை முறைமை. பாட்டிகள் அர்த்தம் தெரியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறார்கள். பழைய வேதாகமத் தமிழும் யாருக்கும் புரிவதில்லை. இந்த முறைமையை விட்டுவிட்டு நாமும் மாறலாமா? அல்லது டவுன் சபையோடு சேர்ந்துவிடலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் என் அப்பாயியின் ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குப் புது அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஞாயிறுதோறும் அந்தப் புத்தகம் அவர் கையில் இருக்கும். பக்கங்களின் ஓரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு பட்ட பெருவிரல் தடம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதத்தில் ‘கிளிப்பிள்ளை’ என்ற சொல்லைப் படித்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கீபோர்டு வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். ஆர்மோனியமும் ஒரு காலத்தில் நம் கோயிலுக்குள் புதிதாக வந்ததுதான். வேதாகமத் தமிழ் புரியவில்லை என்பது பெரும்பாலும் வாசிக்கிறவரின் குறை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, சொல் தெரிந்து வாசித்தால் புரியும். இழுவை என்கிறீர்கள். சென்னையில் இருந்த பப்ரிசியுஸ் ஐயர் 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கித் தந்தார் என்பது உண்மை; ஆனால் அவற்றை இழுத்து, குழைத்து, மூச்சு விட்டுப் பாடியவர்கள் நம் ஊர்க்காரர்கள். அந்த இழுவை எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கிளிப்பிள்ளை என்று எழுதினீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியாது. அந்தப் பாட்டிகள் உங்களைத் தூக்கி வளர்த்தவர்கள். அவர்கள் வாய் திறந்து சொல்லும் ஜெபத்தின் அர்த்தம் அவர்களுக்குத் தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? அவர்களிடம் கேட்டீர்களா? கேட்காமல் எழுதியிருக்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. மனப்பாடமாகச் சொல்கிறவருக்கு அர்த்தம் தெரியாது என்று நமக்குப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்துவிட்டது. பரீட்சைக்காக ஒப்பித்து மறுநாளே மறந்துவிடும் நம்முடைய மனப்பாடத்தைக் கொண்டு, அறுபது வருடம் நாவில் வைத்திருந்து, பிள்ளை பெறும்போதும் பிணம் எடுக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒருவரின் மனப்பாடத்தை அளக்கிறோம்.

நம் சபைக்குப் பெயர் தந்த லுத்தர் என்ன செய்தார் என்பதையாவது பாருங்கள். 1528இல் அவர் ஜெர்மனியின் சாக்சோனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிடப் போனார். விசுவாசப் பிரமாணமும் பரமண்டல ஜெபமும்கூடத் தெரியாத ஜனங்களை அங்கே கண்டார். மறு வருடம், 1529இல், சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் புத்தகத்தை எழுதி, அதன் முன்னுரையில் போதகர்களுக்கு ஓர் அறிவுரை வைத்தார்: ஒரே வாசகத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், அதில் ஓர் அசையையும் மாற்றாமல் வருடந்தோறும் அதையே சொல்லிக்கொடுங்கள், வாசகம் மனத்தில் நின்ற பிறகு அர்த்தத்தை விளக்குங்கள். மாற்றி மாற்றிச் சொன்னால் எளிய ஜனங்கள் குழம்பிப் போவார்கள் என்பது அவருடைய கவலை. சொல் முதலில் உடம்புக்குள் போக வேண்டும். அர்த்தம் அதைப் பின்தொடர்ந்து வாழ்நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும்.

1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயரும் இப்படித்தான் தமிழ் கற்றார். உள்ளூர் வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் எழுத்தை எழுதிப் படித்தவர் அவர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உரக்கச் சொல்லித்தான் படிக்க வேண்டும். அப்படிப் படித்த மனிதர், லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் தந்தபோது, அது நம் பிள்ளைகளின் வாயில் உரத்த குரலாகவே போய்ச் சேர்ந்தது. கேள்வியை ஒருவர் சொல்ல, பதிலைப் பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள். என் அப்பாயி கற்றதும் அப்படியே.

இப்போது இழுவைக்கு வருகிறேன். அப்பாயி நடவு வேலைக்குப் போனவர். நடவு வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்கும்போது, ஒருத்தி பாட்டை எடுத்துக்கொடுப்பாள். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். நாற்று முடியைப் பிரித்து, சேற்றில் ஊன்றி, ஓரடி பின்னால் வைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அந்த வரி நீளும். திங்கள் முதல் சனி வரை அப்படிப் பாடிய குரல்கள்தான் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஐயர் ஒரு வரி சொல்ல, அடுத்த வரியை வாங்கிச் சொன்னன. ஜெர்மன் ராகத்தையும் நடவு வரியின் நீளத்துக்கு இழுத்துக்கொண்டன. நீங்கள் அந்நியம் என்று நினைக்கிற அந்தப் பாட்டில் காவிரித் தண்ணீர் நின்ற வயலின் அளவு இருக்கிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் சொல்கிறேன்.

1977 நவம்பர் 12ஆம் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு பெரும்புயல் கரையைக் கடந்தது. அன்று சனிக்கிழமை. எங்கள் ஊர் காரைக்காலுக்குத் தெற்கே. எனக்கு அப்போது 11 வயது. ரோட்டில் புளியமரங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. ஐயர் இல்லாத நாளில் ஆராதனை நடத்தும் உபதேசியார் மாமனார் ஊருக்குப் போயிருந்தார்; அவர் திரும்பி வர வழியில்லை. ஐயரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கோயிலின் ஓடுகளில் பாதி பறந்துபோயிருந்தன. ஆனாலும் மறுநாள் காலையில் மணி அடிக்கும் தாத்தா வழக்கம்போல் மணி அடித்துவிட்டார். குடிசையில்லாமல் நின்றவர்கள் மணிச் சத்தத்துக்கு ஒவ்வொருவராக வந்து, ஈரத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். பீடத்துத் துணி சொட்டச் சொட்ட நனைந்து ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. யார் ஆராதனையைத் தொடங்குவது என்று தெரியாமல் எல்லாரும் இருந்தபோது அப்பாயி, “மணி அடிச்சாச்சு, ஆண்டவரக் காக்க வைக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, எழுந்து நின்று பாவ அறிக்கையைத் தொடங்கினார்.

புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போயிருந்தன. ஒருவருக்கும் அவை தேவைப்படவில்லை. ஐயர் சொல்ல வேண்டிய வரிகளை அப்பாயி சொன்னார். சபை சொல்ல வேண்டிய வரிகளை மற்றவர்கள் சொன்னார்கள். பாவ அறிக்கை முடிந்ததும் பாவமன்னிப்பைக் கூறும் இடம் வந்தது. நம் முறைமையில் அது ஐயருடைய இடம். அவர் சபையைப் பார்த்துத் திரும்பி, “உங்கள் பாவங்கள்” என்று தொடங்கி மன்னிப்பை அறிவிப்பார். அப்பாயிக்கு அந்த வாசகம் முழுக்கத் தெரியும். ஆனாலும் அங்கே நின்றுவிட்டார். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, பீடத்தைப் பார்த்தபடியே, சபையின் பக்கம் திரும்பாமல், அந்த வாசகத்தைச் சொன்னார். ஒரு சொல்லை மட்டும் மாற்றினார். “உங்கள் பாவங்கள்” என்பதை “நம்முடைய பாவங்கள்” என்றார்.

தம்பி, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், அறுபது வருடமாக ஓர் எழுத்தும் மாறாமல் கேட்டும் சொல்லியும் வந்த வாசகத்தில், மாற்ற வேண்டிய ஒரே சொல்லைக் கண்டுபிடித்து மாற்றினார். தான் குரு அல்ல என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் மன்னிப்பு அந்த ஜனங்களுக்கு அன்றைக்கு வேண்டும் என்பதும், தானும் அவர்களில் ஒருத்தி என்பதும் தெரியும். அந்த மூன்றையும் ஒரே சொல்லில் வைத்தார். அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிறவரால் இதைச் செய்ய முடியுமா? ஒப்பிக்கிறவர் “உங்கள்” என்றே சொல்லியிருப்பார், அல்லது அந்த வரியை விட்டுத் தாண்டியிருப்பார். வாசகம் முழுவதும் அசையாமல் மனத்தில் நின்றதனால்தான் எந்த இடத்தில் அதை அசைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தது. உங்கள் ஜெபவீட்டில் வாரத்துக்கொரு புதுப் பாட்டு திரையில் ஓடும்போது இந்தத் தேர்ச்சி யாருக்கு வரும்?

வளர்ந்த பிறகு, லுத்தர் 1536இன் இறுதியில் எழுதிய சிமால்கால்டு பிரமாணங்கள் என்ற விசுவாச அறிக்கையில், சுவிசேஷம் நமக்கு வந்துசேரும் வழிகளைச் சொல்லுமிடத்தில், பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு ஆகியவற்றோடு, சகோதரர் ஒருவரோடொருவர் பேசித் தேற்றிக்கொள்வதையும் சேர்த்திருப்பதைப் படித்தேன். படித்தபோது எனக்கு நனைந்த சாக்கின் வாடைதான் நினைவுக்கு வந்தது.

பழையதெல்லாம் நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் நம் முன்னோர் கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1733 டிசம்பர் 28ஆம் தேதி ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். அதே காலத்தில், தஞ்சாவூர்ப் படையில் சேவகம் செய்தவரும், அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷத்தைப் படித்து நம் சபைக்கு வந்தவருமான இராசநாயக்கன், உபதேசியாராக ஊர் ஊராக நடந்து சபைகளைக் காத்தார். அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்பதே காரணம். இந்த அவமானத்தை நாம் மறைக்கக் கூடாது. ஆனால் இதையும் பாருங்கள்: டெல்டாவின் சிறு சபைகள் தொடக்கத்திலிருந்தே பட்டம் கிடைக்காதவர்களின் வாய்ச்சொல்லில்தான் நின்றன. ஐயர் மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதான் வருகிறார் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புதிய செய்தியாகத் தெரியவில்லை. எந்த ஐயரும் வராத ஞாயிற்றிலும் ஆராதனை நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் முறைமை இருக்கிறது. பேச்சுத் திறமையுள்ள ஒரு மனிதரைச் சுற்றிக் கூடும் கூட்டம் அவர் ஊர் மாறினால் கலைந்துபோகும். அங்கே போன உங்கள் நண்பர்கள் மீது எனக்குக் கோபமில்லை, அவர்கள் உண்மையான தாகத்தோடு போயிருக்கிறார்கள், திரும்பி வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். திறந்து வைக்கிற பாட்டிகளை நீங்கள் கேவலமாகப் பேசக் கூடாது.

டவுன் சபையோடு சேரும் கேள்வி: பஸ் ஏறி வர முடியாதவர்கள் அந்த 19 பேரில் எத்தனை பேர்? அவர்களை விட்டுவிட்டு யார் போய்ச் சேரப்போகிறீர்கள்?

அந்தப் புயல் ஞாயிற்றில் பிரசங்கம் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாயி என்னைக் கூப்பிட்டார். அங்கே எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். பீடத்து வேதாகமத்தைத் தாத்தா தம் வேட்டிக்குள் சுருட்டி வைத்துக் காப்பாற்றியிருந்தார். “உபதேசியாரு போன வாரம் விட்ட எடத்துலேர்ந்து வாசி, பிரசங்கம் வேணாம்” என்றார் அப்பாயி. அடையாள நாடா ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் கிடந்தது. அதில் உபதேசம் குறைவு. பவுல் ஒவ்வொருவருக்காக வாழ்த்துச் சொல்கிறார். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, அவர்கள் வீட்டில் கூடிவருகிற சபை, திரிபேனாள், திரிபோசாள், ரூபு, தனக்கும் தாயாக இருந்த ரூபுவின் தாய் என்று இருபதுக்கும் மேற்பட்ட பேர். நான் திக்கித் திக்கி வாசித்தேன். வாசிக்கத் தகாத பகுதியை வாசிக்கிறேனோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. முடித்ததும் யாரும் அசையவில்லை. அப்பாயி, “அந்தப் பேரெல்லாம் இன்னொருவாட்டி வாசி” என்றார். இரண்டாம் முறை வாசித்தபோது ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலையசைத்தார்.

உங்கள் கடிதத்தில் 19 என்ற எண் இருக்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. அடுத்த முறை எழுதும்போது அவர்கள் பெயர்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். இங்கே வெளியிட மாட்டேன்.

அன்புடன்.