எல்லா சார்ட்டிலும் 20

அன்புள்ள மேடம்,

டயாலிசிஸ் வார்டு பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்துக் கொஞ்சகாலம் வார்டில் இருந்துவிட்டு, டிப்ளமோவுக்குப் பிறகு படிக்கும் பட்டமான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தவள். இப்போது ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் இருக்கிறேன். ஒரு கிறிஸ்தவ நர்சிங் கல்லூரியில் ட்யூட்டராக வரச் சொல்கிறார்கள். சம்பளம் குறையும், ஆனால் நைட் டியூட்டி கிடையாது. எங்கள் சீனியர் சிஸ்டர், "கிளாஸ் எடுக்கப் போனா ரெண்டு வருஷத்துல கை மறந்துடும், அப்புறம் வார்டுக்குத் திரும்ப முடியாது" என்கிறார். நான் கிறிஸ்தவளும் இல்லை. போகலாமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

உங்கள் சீனியர் சொல்வதில் பாதிக்குமேல் உண்மை. கை மறந்துபோன நர்சிங் ஆசிரியைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் ரைல்ஸ் ட்யூப் போடுவதைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுவார்கள். வார்டில் ட்யூப்பைக் கையில் கொடுத்தால் ஸ்டாஃப் நர்ஸைத் தேடுவார்கள். ஆனால் இது கற்பிக்கப் போவதால் வருவதல்ல, நோயாளியை விட்டுவிட்டுக் கற்பிக்கப் போவதால் வருவது. அதனால் அந்தக் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அங்கே ட்யூட்டர்களுக்கு என்ன வேலை என்று முதலில் விசாரியுங்கள். சம்பளம், சர்ச், நைட் டியூட்டி எல்லாம் அதற்குப் பிறகு.

வேலூர் சி.எம்.சி.யை, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அங்கே 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் ஷெல் மருத்துவமனை வந்தது. 1909-இல் டீலியா ஹௌட்டன் என்ற நர்ஸின் துணையோடு நர்சிங் பள்ளியை ஆரம்பித்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-இல்தான். அதாவது அந்த வளாகத்தில் டாக்டர் படிப்புக்கு ஒன்பது வருடம் மூத்தது நர்ஸ் படிப்பு. இதைச் சொன்னால் இன்றைக்கும் சில டாக்டர்கள் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறார்கள்.

1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே வருடம் வெளியான, ஜோசப் போர் (Bhore) தலைமையிலான அரசு சுகாதாரக் குழு அறிக்கையின் கணக்குப்படி இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். அப்படிப்பட்ட பஞ்சத்தில் நல்ல நர்ஸ் ஒருவரை வார்டிலிருந்து தூக்கி வகுப்பறையில் உட்காரவைக்க யாருக்கு மனசு வரும்? வேலூர் கல்லூரி அந்த இரண்டையும் பிரிக்கவில்லை. பாடம் எடுப்பவருக்கே வார்டிலும் பொறுப்பு. காலையில் பிரஷர் சோர் என்ற படுக்கைப்புண் பற்றி வகுப்பெடுத்தவர், தன் பொறுப்பிலுள்ள வார்டில் ஒருவருக்குப் புண் வந்தால் பதில் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் நர்சிங் கல்விக்குக் கிடைத்த மிக நல்ல ஏற்பாடு இது என்பது என் அபிப்பிராயம்.

மற்றபடி நடப்பது உங்களுக்கே தெரியும். கல்லூரி ஓரிடம், மருத்துவமனை வேறிடம். கல்லூரி பஸ்ஸில் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். வார்டு சிஸ்டர் அவர்களை ஆள் பற்றாக்குறைக்கு வந்த கைகளாகப் பார்ப்பார். ட்யூட்டர் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு, பிள்ளைகள் நோயாளி பராமரிப்பை எழுதிவைக்கும் கேர் பிளான் நோட்டு திருத்திக்கொண்டிருப்பார். அந்த ஸ்டூலில் போய் உட்காருவதென்றால் ஐ.சி.யு.விலேயே இருங்கள்.

உங்களால் என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்று உங்களுக்கே சந்தேகம் இருப்பதுபோலக் கடிதத்தில் ஒரு தயக்கம் தெரிகிறது. ஒன்று சொல்கிறேன். எந்த ஜெனரல் வார்டுக்கும் போய், பல்ஸ், பி.பி., மூச்சு எல்லாம் குறிக்கும் வைட்டல்ஸ் சார்ட்டைப் புரட்டுங்கள். மூச்சு எல்லாருக்கும் நிமிஷத்துக்கு 20 என்றிருக்கும். ஆஸ்துமாக்காரருக்கும் 20, ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கும் 20. பல்ஸுக்கும் பி.பி.க்கும் மெஷின் இருக்கிறது, மூச்சை ஆள்தான் எண்ண வேண்டும், யாரும் எண்ணுவதில்லை. ஆனால் நோயாளி மோசமாகப் போகிறார் என்பதை முதலில் காட்டுவது பெரும்பாலும் அதுதான். முதல் வருட மாணவி ஒருத்தி இப்படி வரிசையாக 20 போட்டு வந்தாள். திட்டவில்லை. ஒரு பாட்டியின் கட்டிலுக்கு அவளைக் கூட்டிப்போய், பல்ஸ் பார்ப்பதுபோல மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின் மேல் வைத்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணச் சொன்னேன். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும், அதற்குத்தான் அந்தப் பாவனை. 32 வந்தது. மாணவி நம்பாமல் மறுபடி எண்ணினாள், 34. டாக்டரைக் கூப்பிட்டோம். நிமோனியா.

இது புத்தகத்திலும் இருக்கிறது. அவள் படித்து மார்க்கும் வாங்கியிருந்தாள். ஐ.சி.யு.வில் நீங்கள் யோசிக்காமலே செய்வதை ஒவ்வொரு படியாகப் பிரித்து வாயால் சொல்லப் பழக வேண்டும். கற்பிப்பதில் கஷ்டமானது அதுதான். எம்.எஸ்சி.யில் நர்சிங் எஜுகேஷன் என்று ஒரு பேப்பரே உண்டு, பாடத்திட்டம் எழுதி வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். ட்யூட்டர் வேலைக்கு உங்கள் போஸ்ட் பேசிக்கும் அனுபவமும் போதும். அதற்குமேல் ஏற எம்.எஸ்சி. வேண்டும், இரண்டு வருடம். சேர்ந்தபின் படிக்க லீவு தருவார்களா என்று இப்போதே கேளுங்கள்.

கிறிஸ்தவள் இல்லை என்பதற்கு வருகிறேன். அடுத்தவர் மலஜலத்தைத் தொடும் வேலை, அந்நிய ஆணின் உடம்பைத் தொடும் வேலை என்று மற்ற வீடுகள் பெண்களை அனுப்பத் தயங்கிய காலத்தில், நர்சிங்குக்கு வந்தவர்களில் பெரும்பங்கு கிறிஸ்தவப் பெண்கள். அந்தப் பரம்பரைதான் இந்தக் கல்லூரிகள். காலை ஜெபம் இருக்கும், முதல் வருடப் பிள்ளைகளுக்கு விளக்கேற்றும் விழா இருக்கும். ஜெபத்தில் உட்கார வேண்டுமா, சில பதவிகள் சபை உறுப்பினருக்கு மட்டுமா என்பதை இன்டர்வியூவில் நேராகக் கேட்டுவிடுங்கள். நான் பார்த்தவரை நேராகக் கேட்பவரிடம் நேராகவே சொல்வார்கள்.

எனக்கு எரிச்சல் வேறொன்றில். ஊழியம் கொள்ளும்படியல்ல, ஊழியம் செய்யும்படியே என்ற பொருளில் மாற்கு சுவிசேஷத்தில் ஒரு வசனம் உண்டு. வேலூர் சி.எம்.சி. அதைத்தான் தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது. அருமையான வசனம். ஆனால் சம்பளம் கேட்கும்போது பதிலாக இந்த வசனத்தை எடுத்துவிடும் நிர்வாகிகளை நான் சந்தித்திருக்கிறேன், இன்க்ரிமென்ட் பற்றிக் கேட்டால் ஜெபிக்கலாம் என்பார்கள். வசனம் ஊழியம் செய்யும் எனக்குச் சொன்னது, அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கச் சம்பளப் பட்டியல் போடுகிறவருக்குச் சலுகை இல்லை. அதனால் பேசிய தொகையை எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரட்டும். கொடுத்துவிட்டு வேலையை விட முடியாமல் தவிக்கும் பெண்கள் எனக்கு இன்றும் போன் செய்கிறார்கள்.

சேருமுன் ஒருநாள் காலை அவர்கள் மாணவிகள் போஸ்டிங்கில் இருக்கும் வார்டுக்குப் பார்வையாளர்போலப் போய் நில்லுங்கள். ட்யூட்டர் நோயாளியைத் தொடுகிறாரா என்று பாருங்கள். தொட்டால் சம்பளம் குறைந்தாலும் சேரலாம்.

நைட் டியூட்டி இல்லை என்பதை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். ரெகார்டு நோட்டு திருத்துவதெல்லாம் ராத்திரியில்தான்.

அன்புடன்.