காய்ச்சலில் அப்பத்தாவைக் கூப்பிட்ட மகள்

கேள்வி: அக்கா, எனக்குத் தேனிப் பக்கம் ஊர். கல்யாணமாகித் திருப்பூர் வந்து 8 வருடம் ஆகிறது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். தினமும் ஒன்றரை ஷிப்ட். காலை 7.45-க்கு வேன் ஏறினால் வீடு திரும்ப இரவு 9.15 ஆகிவிடும். வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை. மகளை ஒரு வயதில் ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தோம். அவளுக்கு மூன்று வயதானபோது இருவரையும் இங்கே கூட்டி வந்துவிட்டோம். இப்போது 6 வயது, அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது நான் பக்கத்திலேயே படுத்திருந்தும் ‘அப்பத்தா, அப்பத்தா’ என்றுதான் அனத்தினாள். அவரிடம் சமர்த்தாக இருப்பவள், என்னிடம் மட்டும் அடம் பிடிக்கிறாள். காலைச் சாப்பாடுகூடப் பள்ளிக்கூடத்தில்தான். ‘உனக்காகத்தானே இப்படி உழைக்கிறேன்’ என்று சொன்னாலும் அவளுக்குப் புரியவில்லை. நான் என்ன அம்மா? வேலையை விட்டுவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

வேலையை விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று பிறகு பேசலாம். முதலில் அந்தக் காய்ச்சல் இரவு.

உடம்பு சுடும்போது பிள்ளை யோசித்துக் கூப்பிடுவதில்லை. இதற்கு முந்திய காய்ச்சலில் நெற்றியில் ஈரத்துணி போட்டது யாரோ, அவர் பெயர்தான் வாயில் வரும். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை அவளுக்கு வந்த சளி, காய்ச்சல், பல் முளைத்த வலி எல்லாவற்றையும் பார்த்தது அப்பத்தா. அவரைக் கூப்பிட்டாள் என்றால், நீங்கள் இல்லாத அந்த இரண்டு வருடமும் அவளை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று அர்த்தம். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அன்று அழுதிருப்பேன். ஆனால் அழுது முடித்ததும் அந்த அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லியிருப்பேன்.

அப்புறம் அந்த அடம். அப்பத்தாவிடம் சமர்த்து, உங்களிடம் அடம் என்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். பகல் முழுவதும் அடக்கி வைத்த கோபம், பசி, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை பென்சிலைப் பிடுங்கிய வருத்தம் எல்லாவற்றையும் பிள்ளைகள் ஓரிடத்தில்தான் கொட்டும். எவ்வளவு கத்தினாலும் இவள் என்னை விட்டுப் போக மாட்டாள் என்று நம்பும் இடம் அது. ஊரில் விட்டுவிட்டு வந்த அம்மாவிடம் அவளுக்கு அந்த நம்பிக்கை திரும்ப வந்திருக்கிறதே, எனக்கு அதுதான் இந்தக் கடிதத்திலேயே பெரிய சந்தோஷம்.

ஊரில் விட்டதற்காக முழுப் பழியையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்படி ஒரு அறை உங்கள் தையல் மெஷினிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்திருந்தால், ஒரு வயதுக் குழந்தையைத் தேனிக்கு அனுப்பியிருப்பீர்களா? உங்கள் தையல் லைனில் இப்போது கைக்குழந்தைக்காரர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காகவாவது எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.

காலைச் சாப்பாடு பற்றியும் வருத்தம் வேண்டாம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-இல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. விடியும் முன்பே வேலைக்கு ஓடுகிற வீடுகளின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரக் கூடாது என்றுதான் கொண்டுவந்தார்கள். அவள் அங்கே சூடாகப் பொங்கலோ உப்புமாவோ சாப்பிடட்டும். தோசைக்கல்லின் முன்னால் நின்று ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று நீங்கள் கத்தியிருக்க வேண்டிய 20 நிமிடம் மிச்சமாகிறது. அந்த 20 நிமிடத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வேண்டும்.

அவளுக்கு இப்போது யார் தலை பின்னி விடுகிறார்கள்? அப்பத்தாவாகத்தான் இருக்கும். நாளையிலிருந்து நீங்கள் பின்னுங்கள். 7 மணிக்குத் தரையில் உட்கார்ந்து, அவளை முழங்கால்களுக்கு நடுவில் உட்கார வைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுச் சிக்கெடுத்து, நேர் வகிடு எடுத்து, இரட்டைச் சடை போட்டு ரிப்பனை மடித்துக் கட்ட எப்படியும் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம் அவளால் எங்கும் ஓட முடியாது, உங்களாலும் முடியாது. முக்கியமாக, அவள் முகம் உங்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் முகத்துக்கு முகம் உட்கார வைத்து ‘இன்றைக்கு என்ன நடந்தது?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்லை’ என்பார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தானாகப் பேசுவார்கள். யார் மிஸ்ஸிடம் அடி வாங்கினான், யாருக்குப் பல் விழுந்தது, சத்துணவு முட்டையில் மஞ்சள் கருவை யாருக்குக் கொடுத்தாள் எல்லாம் வரும். நீங்கள் ‘ம்’ கொட்டினால் போதும். நடுவில் புத்தி சொல்லாதீர்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ஷிப்மெண்ட் நேரமாக இருந்தாலும், முதல் நாள் இரவு சண்டை போட்டிருந்தாலும், இந்தக் கால் மணி நேரம் மட்டும் தவறக் கூடாது. எத்தனை மணி நேரம் வீட்டில் இருந்தீர்கள் என்று 6 வயதுப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாது. தினமும் ஒரே நேரத்தில் வருவது எது என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

இரவில் வந்து அவளை எழுப்பாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகன் இரண்டாம் வகுப்பு படித்தபோது எனக்கு மாலை ஷிப்ட். பத்தரை மணிக்கு வந்து, தூங்குகிறவனை உட்கார வைத்து ஒரு டம்ளர் பால் கொடுத்துக் கொஞ்சுவேன். அது எனக்குத் தேவைப்பட்டது, அவனுக்கு அல்ல. வகுப்பில் தூங்குகிறான் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். இந்த வயதில் ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதன் பிறகு அவனை எழுப்புவதற்குப் பதிலாக அவன் பையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். பாதி கடித்த ரப்பர், சட்டைப் பையில் புளியங்கொட்டை, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பஸ் படம். காலையில் ‘அந்த பஸ் எந்த ஊருக்குப் போகுது?’ என்று கேட்டபோது அவன் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. நீங்களும் பையைப் பாருங்கள்.

‘உனக்காகத்தானே உழைக்கிறேன்’ என்ற வார்த்தையை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் அன்பாகத்தான் சொல்கிறீர்கள். நான் இருப்பதால்தான் அம்மாவுக்கு இவ்வளவு கஷ்டம் என்று அவள் காதில் விழும். அதற்குப் பதில் உங்கள் வேலையை அவளுக்குக் காட்டுங்கள். வீட்டில் கிடக்கும் ஒரு பனியனை உள்பக்கம் திருப்பி, தோள் எப்படி இணைகிறது, கழுத்துப் பட்டி எப்படி உட்காருகிறது, ஓவர்லாக் தையல் எங்கே ஓடுகிறது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். அப்புறம் பாருங்கள், தெருவில் போகிறவர் போட்டிருக்கும் பனியனையெல்லாம் காட்டி ‘இது எங்கம்மா தைச்சதா?’ என்று கேட்பாள்.

இப்போது வேலை. நீங்கள் வேலையை விட்டால் வாடகையும் கடனும் முழுசாக உங்கள் கணவர் தலையில் விழும், அந்த நெருக்கடியும் மகளைத்தான் தொடும். ஆனால் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் என்பது அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரத்துக்கு 9 ஷிப்ட். செவ்வாயும் வியாழனும் ஒரு ஷிப்ட்டோடு கிளம்பினால் 8 ஷிப்ட். சம்பளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு குறையும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும், மனசு கேட்காமல் அவளுக்கு வாங்கும் பொம்மை, பரோட்டா, பாக்கெட் தின்பண்டம் எல்லாவற்றையும் நாலு வாரம் எழுதி வையுங்கள். அந்தக் குறைவில் கொஞ்சமாவது அங்கேயே ஈடாகிவிடும் என்று நினைக்கிறேன். லைன் சூப்பர்வைசரிடம் ஷிப்மெண்ட் நெருக்கடியில் கேட்காதீர்கள், சரக்கு அனுப்பி முடித்த வாரத்தில் கேளுங்கள்.

கடிதத்தில் உங்கள் கணவர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். பகலில் வீட்டில் இருக்கும் நாட்களில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவது அவர் பொறுப்பாக இருக்கட்டும். இந்தப் பக்கத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வெள்ளியும்தான் பெண்பிள்ளைக்கு எண்ணெய் நாள் என்று உங்கள் அத்தை சொல்லலாம். நமக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதானே என்று சொல்லுங்கள். ‘இத்தனை வருஷம் நீங்க பார்த்தீங்க, ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது நீங்க காலை நீட்டி உட்காருங்க அத்தை’ என்று கேட்டால் மறுக்க மாட்டார். முதல் சில வாரம் கண்ணில் சீயக்காய் பட்டதும் மகள் அப்பத்தாவைத்தான் கூப்பிடுவாள். கூப்பிடட்டும். நீங்கள் நெற்றியில் கையை அணை கட்டி, அடுத்த சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள்.