மாடல் டி இன்ஜினில் இரண்டு தேதிகள்: எதை நம்புவது?

கேள்வி: எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஃபோர்டு மாடல் டி காரை விற்க நினைக்கிறோம். பதிவுச் சான்றில் 1926 என்று இருக்கிறது. இன்ஜின் எண் 1,10,41,000-ஐ ஒட்டி வருகிறது. எந்த எண் எந்த ஆண்டுக்குரியது என்று காட்டும் பட்டியலில் பார்த்தால் 1925. ஆனால் பிளாக்கில், அதாவது இன்ஜினின் இரும்பு உடலில், 12-9-24 என்று புடைப்பாக ஒரு தேதி தெரிகிறது. சேஸிஸ் எண், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் இருக்க வேண்டிய எண், எங்கு தேடியும் கிடைக்கவில்லை. பார்க்க வந்த தரகர், "இது ஒட்டுப்போட்ட வண்டி, பாதி விலைக்குத்தான் போகும். வேண்டுமானால் எண்களை நானே சரிசெய்து தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக, அந்தத் தரகரை வண்டியின் பக்கத்தில் விடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று விவரங்களில் ஒன்றுகூட மற்றொன்றோடு முரண்படவில்லை. அதை அவர் அறியாமல் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு.

பழைய இன்ஜின் பிளாக்கில் இரண்டு வகை எழுத்துகள் உண்டு. புடைத்துக்கொண்டு நிற்பவை இரும்பை உருக்கி ஊற்றும்போதே அச்சில் விழுந்தவை. உள்ளே பதிந்திருப்பவை பிறகு சுத்தியலாலும் முத்திரையாலும் அடிக்கப்பட்டவை. முதலாவது இரும்பு பிறந்த நாள். இரண்டாவது இன்ஜின் முழுமையாகி எண் பெற்ற நாளைக் காட்டுவது. உங்கள் வண்டியில் இரண்டுமே இருக்கின்றன, அவ்வளவுதான்.

நீங்கள் தடுமாறிய இடம் எனக்குப் புரிகிறது. 12-9-24 என்பதைச் செப்டம்பர் 12 என்று படித்திருக்கிறீர்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். அது 1924 டிசம்பர் 9. எண்ணைப் பொறுத்தவரை, ஃபோர்டின் ஒரு கோடியாவது மாடல் டி 1924 ஜூனில் வெளிவந்தது. ஒரு கோடியே பத்து லட்சத்தைத் தொட்டது 1925 ஜனவரியில். வார்ப்புக்கும் எண்ணுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மாதம். வார்த்த பிளாக் கடைசல் பிடிக்கப்பட்டு, பிஸ்டனும் கிராங்கும் பூட்டப்பட்டு, வரிசையில் தன் முறைக்குக் காத்திருந்த காலம் அது. வார்ப்புத் தேதி எண்ணுக்கு முந்தியிருப்பதுதான் இயல்பு. பிந்தியிருந்தால்தான் நெற்றியைச் சுருக்க வேண்டும்.

பதிவுச் சான்றின் 1926 வேறு கதை. இன்ஜின் ஒரு தொழிற்சாலையில் எண் பெற்று, இன்னொரு ஊரின் கிளைத் தொழிற்சாலையில் காரில் ஏறி, முகவரிடம் நின்று, பிறகே விற்கப்பட்டது. சான்றில் இருப்பது பெரும்பாலும் முதன்முறையாகப் பதிவு செய்த ஆண்டு. அதை உற்பத்தி ஆண்டாக எடுத்துக்கொள்வது பழைய கார் உலகில் தீராத நோய். எண்ணை நேரில் பார்க்காமல் பழைய சான்றைப் பார்த்துப் புதிய சான்றை எழுதும் பதிவு அலுவலகங்கள் அதை இன்னும் முற்றச் செய்கின்றன. ஒன்றை ஏழாக்கி, மூன்றை எட்டாக்கி எழுதிய சான்றுகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். திருத்தக் கேட்டால், பிளாக்கில் இருப்பதைத்தான் மாற்றச் சொல்கிறார்கள்!

சேஸிஸ் எண் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கிடைக்காது. மாடல் டி-யின் அடிச்சட்டத்தில் எண் பொறிக்கும் வழக்கமே 1926-இல்தான் வந்தது. அதுவரை இன்ஜின் எண்தான் காரின் எண். ஆகவே "இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை" என்று 1925 வண்டியைப் பார்த்து ஒருவர் சொன்னால், இல்லாத எண்ணோடு ஒப்பிடுகிறார் என்று பொருள். சேஸிஸ் எண் என்ற கட்டத்தை நிரப்பாவிட்டால் படிவத்தையே வாங்க மறுக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. அதற்குப் பயந்து அடிச்சட்டத்தில் தாங்களே எண் அடித்துவிட்டு, பிறகு அதே எண்ணால் மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள். இன்ஜின் எண்ணே வாகன எண் என்று எழுத்தில் விளக்கம் கொடுங்கள்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேர்மையான வண்டிகள் இதில்தான் பழிசுமக்கின்றன. பிளாக் வெடித்துவிட்டால் அந்தக் காலத்தில் ஃபோர்டு முகவரிடம் எண் இல்லாத வெற்று பிளாக் கிடைத்தது. பழைய பிளாக்கின் எண்ணை முகவரே புதியதில் அடித்துத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படிப்பட்ட வண்டியில் எண் 1919-ஐக் காட்டும், வார்ப்புத் தேதி 1925-ஐக் காட்டும். இது மோசடி அல்ல. நிறுவனமே வகுத்த வழி. எண்கள் சற்றுக் கோணலாக, கையால் ஒவ்வொன்றாக அடித்ததுபோல் இருப்பதும் இதனால்தான். இன்னொன்று: கார் தயாரிப்பு 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியைத் தொட்டதோடு முடிந்தது, இன்ஜின் தயாரிப்போ 1941 ஆகஸ்ட் வரை தொடர்ந்தது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எண்ணுடைய இன்ஜின் பழைய காரில் இருந்தால், அது பெரும்பாலும் பின்னாளில் மாற்றியது. அப்போதும் அது ஃபோர்டு இன்ஜின்தான். மாற்றியதைச் சொல்லி விற்றால் யாரும் குறை சொல்ல முடியாது. உங்கள் வண்டிக்கு இந்த விளக்கமே தேவையில்லை. ஆனால் அந்தத் தரகர் அடுத்து இதைத்தான் எடுப்பார்.

இனி அவர் தருவதாகச் சொன்ன "சரிசெய்தல்". எண் இருக்கும் மேட்டை அரத்தால் தேய்த்து, வேண்டிய எண்ணை அடித்து, அமிலம் தடவித் துருவேற்றுவார்கள். பல நாடுகளில் இது சிறைக்குரிய குற்றம். அறிந்த கண்ணுக்கு உடனே தெரிந்தும் விடும்: சுற்றிலும் வார்ப்பின் சொரசொரப்பு, நடுவில் மட்டும் கண்ணாடிபோல் வழுவழுப்பு. ஒருமுறை தேய்த்துவிட்டால், உண்மையான எண்ணையே திரும்ப அடித்தாலும் அந்த இன்ஜின் வாழ்நாள் முழுக்கச் சந்தேகத்துக்குரியது. பாதி விலை என்று அவர் சொன்னது இன்று பொய். அவர் கை வைத்த பிறகு அது உண்மையாகிவிடும்.

நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதலும் உண்டு. விற்பதற்கு முன் பளபளக்க வேண்டுமென்று மெக்கானிக் கிரைண்டரையோ கம்பி பிரஷையோ எடுத்தால் தடுத்துவிடுங்கள். இன்ஜின் எண் இடப்பக்கம், தண்ணீர் உள்ளே நுழையும் குழாய்க்குச் சற்று மேலே இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். சாக்குக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். எண்ணுக்கு முன்னால் "சி" என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது கனடா ஃபோர்டு; அதற்குப் பட்டியல் தனி.

காலநிர்ணயச் சான்றிதழ் என்று பணம் கேட்பவர்களையும் நம்ப வேண்டாம். பழைய கார் சங்கங்கள் வெளியிட்ட அதே பட்டியலை, வண்டியைப் பார்க்காமலே, முத்திரையோடு அச்சடித்துத் தருகிறார்கள்.

விளம்பரத்தில் இப்படி எழுதுங்கள்: "வார்ப்பு 1924 டிசம்பர், இன்ஜின் எண்ணின்படி 1925 ஜனவரி, பதிவு 1926." மூன்றின் படங்களையும் கூடவே வையுங்கள். விவரம் தெரிந்து வாங்குபவர் முதலில் கேட்கப்போவதும் அந்த மூன்றையும்தான்.