சோடியம் குறைந்தால் உப்பைக் கூட்ட வேண்டாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. கல்லீரல் சுருக்க நோய், வயிற்றில் நீர் சேர்ந்து இரண்டு முறை எடுத்தாயிற்று. இப்போது ரத்தத்தில் சோடியம் 123. டாக்டரோ உப்பைக் கூட்டாதீர்கள், தண்ணீரையும் அளந்து கொடுங்கள் என்கிறார். குறைந்ததைக் கொடுப்பதுதானே முறை?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: டாக்டர் சொன்னதுதான் சரி. பாசத்தில் யாரும் மோரில் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டுக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் உடம்பில் சோடியம் குறையவில்லை, சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே இருக்கிறது, ஆனால் தண்ணீர் அதைவிட அதிகமாகச் சேர்ந்துவிட்டது. கல்லீரல் சுருங்கும்போது குடல் பக்கத்து ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் அங்கேயே தேங்கும், உடம்பு ரத்தம் போதவில்லை என்று தப்பாக நினைத்து வாசோப்ரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், அது வந்தால் சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாது. 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது 123 ஆனது இப்படித்தான், அளவாக உப்புப் போட்ட ரசத்தில் இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றிய கதை. மேலே உப்பைக் கொடுத்தால் தாகம் எடுக்கும், குடிப்பார், வயிறு இன்னும் வீங்கும்.

125க்குக் கீழே போனால் பெரும்பாலும் நாளுக்கு 1 முதல் 1.5 லிட்டர்தான் அனுமதிப்பார்கள். காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும், பலர் வெறும் தண்ணீரை மட்டும் எண்ணுகிறார்கள். உப்பு சமையலோடு சேர்த்து 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். 'லோ சோடியம்' உப்பும் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது, ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து.

அப்புறம், நீர் மாத்திரைகளைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், இந்த அளவில் வழக்கமாக நிறுத்துவார்கள். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தைக் குடித்துத் தண்ணீராகப் பல தடவை வெளிக்குப் போகிறதென்றால் அதையும் சொல்லுங்கள். அப்படி வற்றிப்போய்ச் சோடியம் இறங்கியிருந்தால் வைத்தியமே வேறு, அங்கே தண்ணீரைக் குறைப்பது தப்பு.

பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாமல் முழித்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போய், 'டிரிப் போட்டுச் சீக்கிரம் ஏத்திவிடுங்க' என்று அவசரப்படுத்தாதீர்கள், 24 மணி நேரத்தில் சோடியம் 8 புள்ளிக்கு மேல் ஏறினால் மூளை நரம்புகளின் உறையே சிதையக்கூடும்.

இன்னொன்று. சோடியம் இப்படி இறங்குவது நோய் முற்றியதன் அடையாளம். மாற்றுக் கல்லீரல் யாருக்கு அவசரம் என்று பார்க்கும் மெல்டு மதிப்பெண்ணிலேயே இதையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். அந்தப் பேச்சை டாக்டர் இன்னும் எடுக்கவில்லையென்றால் நீங்களே எடுங்கள்.